மலையேறாத மூன்று சொற்கள்

தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்துக் குடியிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்த இடம் நமது மலைநாடு. 1820களில் கோப்பிப் பயிருக்கென்று தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் வரத் தொடங்கினர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயுற்று மடிந்தபின் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா மலைகளெல்லாம் தேயிலையாற் பச்சை பூண்டன. துரைமார் வாயிலிருந்து உதிர்ந்த ஆங்கிலச் சொற்களை நம்மவர் வீணே விட்டுவிடவில்லை. எடுத்துத் தட்டித் திருத்தித் தமக்கேற்றவாறு வழங்கினர். 'லைன்' என்றது லயம் ஆயிற்று. 'பரேட்' என்றது பெரட்டு ஆகி, பெரட்டுக் களம் என்று இடத்துக்கும் பெயராயிற்று. 'கிளார்க்' கிளாக்கர் ஆனார். செக்ரோல், ஸ்டோர், டீமேக்கர் என்று அந்தப் பட்டியல் நீண்டு கொண்டே போகும்.

ஆயினும் ஒரு விந்தை. துரை தம் வாயால் வெறும் 'லைன்ஸ்' என்று சொல்லியிருக்கமாட்டார். 'த லைன்ஸ்' என்றுதான் சொல்லியிருப்பார். 'அ கிளார்க்' என்றும் 'தி ஆஃபீஸ்' என்றுமே அவர் பேச்சு இருந்திருக்கும். பின்னே வந்த பெயர் நம்மவர் காதில் விழுந்தது. முன்னே நின்ற சிறு சொல் விழவேயில்லை. நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பெயர்கள் மலையேறிவிட்டன. 'அ', 'அன்', 'த' என்னும் மூன்றும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன.

எல்லா நாட்டிலும் இப்படி நடப்பதில்லை. ஸ்பானியர் அரபு மொழியிலிருந்து பருத்தியைக் குறிக்கும் 'குத்ன்' என்ற சொல்லைக் கடன் வாங்கியபோது, அதன் முன்னிருந்த 'அல்' என்பதையும் சேர்த்தே வாங்கி 'அல்கொதோன்' என்றனர். நம்மவரோ நெல்லை எடுத்து உமியை ஊதிவிடுவதுபோல் அச்சிறு சொற்களை ஊதிவிட்டனர். மறுபுறம், துரைமார் கங்காணி, கணக்கப்பிள்ளை என்னும் தமிழ்ச் சொற்களைத் தம் மொழியில் எடுத்தாண்டபோது 'த கங்காணி' என்றும் 'அ கணக்கப்பிள்ளை' என்றும் உமியை ஒட்டியே எழுதினர். அஃதின்றி அவர்களுக்கு வாக்கியம் ஓடாது.

ஆங்கில இலக்கணத்தில் 'ஆர்ட்டிக்கிள்' என வழங்கும் இம்மூன்று சொற்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அளவிற் சிறியவையாயினும் இவற்றின் ஆட்சி பெரிது. அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தார், 1961ஆம் ஆண்டில் அச்சான எழுத்துக்களிலிருந்து ஏறக்குறைய பத்து இலட்சம் சொற்களைத் திரட்டி எண்ணிப் பார்த்தனர். அவற்றுள் 'த' என்ற ஒரு சொல் மட்டும் ஏறக்குறைய எழுபதாயிரம் முறை வந்திருந்தது. நூறு சொல்லுக்கு ஏழு! ஆங்கிலத்தில் இதனை மிஞ்சிய சொல் வேறில்லை. எனவே இதைத் தவறவிடும் மாணவன் எங்கோ ஒரு மூலையில் தவறுவதில்லை. வரிக்கு வரி தவறுகிறான்.

தோட்டப் பகுதியிலுள்ள எந்தப் பாடசாலையிலும் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளை விரித்துப் பாருங்கள். 'என் தாய்' என்ற தலைப்பில் இவ்வாறு காணலாம்: 'மை மதர் இஸ் டீ பிளக்கர். ஷீ கோஸ் டு ஃபீல்ட் வித் பாஸ்கட். கங்காணி வெய்ஸ் லீஃப்.' கருத்திற் குறையில்லை. சொல்வளமும் வயதுக்கு ஏற்றதே. ஆனால் ஆசிரியரின் சிவப்பு மை ஐந்து இடங்களில் விழுகிறது. தாய் கொழுந்து பறிக்கும் பலருள் ஒருவர். ஆகையால் 'அ டீ பிளக்கர்'. அவர் செல்லும் மலை இன்னதென்று வீட்டார்க்குத் தெரியும். ஆகையால் 'த ஃபீல்ட்'. கூடை இன்ன கூடை என்பதில்லை, 'அ பாஸ்கட்'. கங்காணி அந்த மலைக்கு ஒருவரே; 'த கங்காணி'. நிறுக்கப்படுவது அவர் பறித்த அதே கொழுந்து, 'த லீஃப்'. பிள்ளை விட்டவை ஐந்து சொற்கள். அவற்றுள் இரண்டு ஒரு வகை, மூன்று மற்றொரு வகை.

மேல்வகுப்பிலோ நிலை தலைகீழாகிறது. 'ஆர்ட்டிக்கிள் எங்கே? ஆர்ட்டிக்கிள் எங்கே?' என்ற அதட்டலைக் கேட்டுக் கேட்டு அஞ்சிய மாணவன், கண்ட இடமெல்லாம் 'த' போடத் தொடங்குகிறான். 'த எடியுகேஷன் இஸ் இம்போர்ட்டன்ட்', 'த நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்' என்று கட்டுரை தொடங்குகிறது. கல்வி என்னும் பொதுப்பொருளையும் இயற்கை என்னும் பொதுப்பொருளையும் சுட்டும்போது ஆங்கிலம் அங்கே எதையும் வைப்பதில்லை. முதலில் வேண்டிய இடத்தில் விட்டவன், பின்னர் வேண்டாத இடத்தில் இடுகிறான்.

இந்த இரண்டாவது பிழைக்கு உலகத்தில் வேறு உரிமையாளரும் உளர். அவர்கள் கிரேக்கர். கிரேக்க மொழி இத்தகைய சொல்லுக்குப் பஞ்சமில்லாத மொழி. ஆண்பாலுக்கு 'ஓ', பெண்பாலுக்கு 'ஈ', இரண்டுமற்ற பாலுக்கு 'தோ' என்று வெவ்வேறாக வைத்து, வேற்றுமைக்கும் எண்ணுக்கும் ஏற்றவாறு அவற்றை மாற்றுவர். வாழ்க்கை என்ற பொதுப்பொருளுக்கும் அதை வைப்பர், ஆட்பெயருக்கும் வைப்பர். யோர்கோஸ் என்பவரைப் பற்றிப் பேசினால் 'ஓ யோர்கோஸ்' என்பதே அவர் வழக்கு. ஆகவே ஆங்கிலம் கற்கும் கிரேக்க மாணவன் 'த லைஃப் இஸ் டிஃபிகல்ட்' என்று எழுதுவது இயல்பு. நம் மாணவன் அச்சத்தால் எழுதிய அதே பிழையை அவன் பழக்கத்தால் எழுதுகிறான். இருவர் தாளிலும் விழும் சிவப்பு மை ஒன்றே, நோய் வேறு. ஆசிரியர் இதை உணராமல் இருவர்க்கும் ஒரே மருந்து கொடுத்தாற் பயனுண்டோ?

'என் தந்தை ஆசிரியர்' என்ற எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதில் ஆர்ட்டிக்கிள் போன்றது எதுவுமில்லை. ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் இஸ் அ டீச்சர்'. ஆசிரியர் முன்னே 'அ' கட்டாயம். கிரேக்கத்தில் 'ஓ பதேராஸ் மு ஈனே தாஸ்கலோஸ்'. இங்கே தந்தையின் முன்னே 'ஓ' நிற்கிறது. ஆசிரியரின் முன்னே ஒன்றுமில்லை. ஆங்கிலேயன் வைக்கும் இடத்தில் கிரேக்கன் வைப்பதில்லை. அவன் வைக்காத இடத்தில் இவன் வைக்கிறான்! எனவே ஆர்ட்டிக்கிளிலே பிறந்து வளர்ந்த கிரேக்கச் சிறுவனும் இந்த ஒரு வாக்கியத்தில், நம் தோட்டத்துச் சிறுவனைப் போலவே, 'மை ஃபாதர் இஸ் டீச்சர்' என்று எழுதக் கூடும்.

இனி, பக்கத்து ஊர்ச் சிங்களச் சிறுவன் என்ன செய்கிறான்? 'மகே தாத்தா குருவரயெக்' என்கிறான். குருவரயா என்ற சொல்லின் ஈற்றில் 'எக்' ஒட்டியிருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தின் 'அ'. சிங்களத்தில் 'பொத' என்றால் குறிப்பிட்ட புத்தகம். 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'கஹ' என்றால் அந்த மரம். 'கஹக்' என்றால் ஒரு மரம். ஆங்கிலம் முன்னே வைப்பதைச் சிங்களம் பின்னே ஒட்டுகிறது, வேறுபாடு இடத்தில்தான். ஆகவே சிங்கள மாணவனுக்கு 'அ' என்பதன் பொருள் தன் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. சிங்களம் பேசத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் நம் மலைநாட்டில் மிகப் பலர். ஆங்கில 'அ' வை விளக்கும்போது அப்பிள்ளைகளிடம் 'பொத, பொதக்' என்ற இரட்டையை எடுத்துக் காட்டும் ஆசிரியர் எத்தனை பேர்? கைக்கெட்டிய கருவி இது, எடுப்பார்தான் இல்லை.

இவ்வளவும் சொன்னதும், 'அப்படியானால் தமிழில் இந்தக் கருத்தே இல்லையா?' என்று மாணவர் கேட்கலாம். இல்லை என்று சொல்வோரும் உளர். அது சரியன்று. கருத்து இருக்கிறது, குடியிருக்கும் வீடுதான் வேறு.

'கூடை வாங்கினேன்' என்கிறோம். 'கூடையை வாங்கினேன்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? முதலாவதில் ஏதோ ஒரு கூடை. இரண்டாவதில், உனக்கும் எனக்கும் முன்பே தெரிந்த கூடை. ஆங்கிலத்தில் முன்னது 'அ பாஸ்கட்'. பின்னது 'த பாஸ்கட்'. அவ்வாறே 'தேநீர் குடித்தேன்' என்றால் வெறும் 'டீ'. 'தேநீரைக் குடித்துவிட்டேன்' என்றால் மேசைமேல் ஊற்றி வைத்திருந்த அந்தத் தேநீர், 'த டீ'. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு ஒன்றே இவ்வளவு வேலையையும் செய்கிறது. பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத பாட்டியும் இதில் ஒருநாளும் பிழைப்பதில்லை. 'பிளேன்டீயை ஊத்து' என்பதற்கும் 'பிளேன்டீ ஊத்து' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிவார்.

அஃறிணைக்குப் பொருந்தும் இவ்விதி உயர்திணைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்களைக் குறிக்கும் பெயருக்கு எப்போதும் 'ஐ' வேண்டும். 'ஒரு பையனைக் கண்டேன்' என்றே சொல்வோம், 'ஒரு பையன் கண்டேன்' என்பதில்லை. ஆகவே இந்த உபாயம் பொருள்களுக்கு மட்டுமே துணை செய்யும்.

சொல் நிற்கும் வரிசையும் இதே வேலையைச் செய்வதுண்டு. 'மலைமேல் கோயில் இருக்கிறது' என்றால் கேட்பவர்க்குக் கோயில் புதுச்செய்தி, ஆங்கிலத்தில் 'அ'. 'கோயில் மலைமேல் இருக்கிறது' என்றால் எந்தக் கோயில் என்பது முன்பே தெரியும், மலைமேல் என்பதே செய்தி, அப்போது 'த'. தெரிந்ததை முன்னும் தெரியாததைப் பின்னும் வைக்கும் இவ்வொழுங்கு நம் நாவிலேயே இருக்கிறது. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள் 'த' எங்கே வரும் என்பதற்குப் பக்கம் பக்கமாக விதியும் விதிவிலக்கும் அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, அவ்விதிகளை மனனம் செய்யும் பிள்ளைகள்மேல் இரக்கமே உண்டாகிறது. 'நீ சொல்லும் பொருள் இன்னதென்று கேட்பவனுக்குத் தெரியுமா?' என்ற ஒரு கேள்வியைத் தமிழிற் கேட்டுப் பழகியவனுக்கு அவ்விதிகளிற் பாதி வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பமான பள்ளமும் உண்டு. 'ஒரு மரத்தை வெட்டினான்' என்று தமிழில் சொல்கிறோம். 'ஒரு' என்றதால் கேட்பவனுக்குத் தெரியாத மரம். 'ஐ' வந்ததால் சொல்பவன் மனத்தில் உள்ள குறிப்பிட்ட மரம். ஆங்கிலத்தில் இதற்கு 'அ' தான் வரும். ஏனெனில் அம்மொழி கேட்பவனின் அறிவையே கணக்கிற் கொள்ளும், சொல்பவனின் மனத்தை அன்று. கற்பவர் வழுக்கும் இடம் இதுவே. 2004இல் டானியா அயோனின், ஹீஜுங் கோ, கென்னத் வெக்ஸ்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இரஷ்யரையும் கொரியரையும் ஆராய்ந்து இதையே எழுதினர். அவ்விரு மொழிகளிலும் ஆர்ட்டிக்கிள் இல்லை. கற்பவர், தம் மனத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் இருந்தால், கேட்பவர் அதை அறியாவிட்டாலும் 'த' போட்டுவிடுகின்றனர் என்பது அவர்கள் கண்டது. ஆகவே அப்பிழைகள் கண்மூடித்தனமாக விழுபவை அல்ல. ஒரு தருக்கத்தோடு விழுபவை. அத்தருக்கம் ஆங்கிலத்தின் தருக்கம் அன்று, அவ்வளவுதான்.

ஒலியில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? எழுத்தின் பெயர் 'ஏ' ஆனாலும், வாக்கியத்துக்குள் வரும்போது அது 'அ' என்றே ஒலிக்கும். நம் இலக்கணத்தில் 'அ' என்பது சுட்டெழுத்து. அம்மலை, அப்பையன், அவ்வீடு என்றால் குறிப்பிட்டுக் காட்டிய ஒன்று. ஆங்கிலத்தில் அதே ஒலி, குறிப்பிடாத ஒன்றைக் காட்டுகிறது! 'அ ஹவுஸ்' வேறு, 'அவ்வீடு' வேறு. தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டாகக் கூறும். அவற்றுள் உகரச் சுட்டை நாம் மலைநாட்டில் மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தவர் 'உது', 'உந்த' என்று இன்றும் அதை உயிரோடு வைத்திருக்கின்றனர்.

'அ', 'அன்' என்பவற்றுள் எது எங்கே வரும் என்பதில் தமிழருக்கு ஒரு பெருவசதி உண்டு. 'ஓர் ஊர்', 'ஒரு மலை' என்று நாம் உயிருக்கு முன் ஒன்றும் மெய்க்கு முன் மற்றொன்றும் சொல்வது போன்றதே அதுவும். ஆங்கில எழுத்தைப் பார்ப்பதால்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். ஐயம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து பன்னிரண்டு உயிர்களுள் ஒன்றானால் 'அன்', உயிர்மெய்யானால் 'அ'. 'அவர்' என்று ஒலிக்கும் மணி நேரத்துக்கு 'அன்'. 'யூனிவர்சிட்டி' க்கு 'அ'. 'எம்.பி.' க்கு 'அன்'. 'ஓ லெவல்' மாணவனுக்கும் 'அன்'. ஒன்று என்னும் எண்ணுப்பெயரை மட்டும் நாம் வழக்கமாக 'ஒன்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலேயர் நாவில் அது 'வன்' என்று வகரத்தோடு தொடங்குவதால் அதற்கு 'அ' என்பதே சரி.

ஆங்கிலேயருக்கு இச்சொற்கள் வானிலிருந்து இறங்கியவை என்று எண்ண வேண்டா. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்றால் ஒன்று என்ற எண். அது தேய்ந்து தேய்ந்தே 'அன்' ஆயிற்று, பின் 'அ' ஆயிற்று. 'த' என்பதும் 'தட்' என்னும் சுட்டுச்சொல்லின் இனத்திலிருந்து தேய்ந்து வந்ததே. அதாவது நம்மிடம் உள்ள 'ஒரு', 'அந்த' என்னும் இரண்டும் அங்கே உழைத்துத் தேய்ந்து ஆர்ட்டிக்கிள் ஆகிவிட்டன. கிரேக்கத்திலும் இதே கதை. ஹோமரின் காவியங்களில் அச்சொல் பெரும்பாலும் சுட்டாகவே நிற்கிறது, பிற்காலத்தில்தான் முழு ஆர்ட்டிக்கிள் ஆனது. இலத்தீனில் அறவே இல்லை. அதன் பிள்ளைகளாகிய பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் உண்டு.

தேய்ந்த சொல் சும்மா இராது. பக்கத்துச் சொல்லையும் கடிக்கும். சமையற்காரர் இடையிற் கட்டும் 'ஏப்ரன்' முன்னாளில் 'நேப்ரன்'. 'அ நேப்ரன்' என்று விரைந்து சொல்லிச் சொல்லி 'அன் ஏப்ரன்' ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடையிற் கட்டும் படங்குக்கு அத்தகைய விபத்து நேரவில்லை, நல்லகாலம்! 'அடர்' என்னும் பாம்பும் இப்படியே தன் நகரத்தை இழந்தது. நம் நாரத்தையோடு உறவுடைய சொல் ஒன்று சமஸ்கிருதம், பாரசீகம், அரபு என்று ஊர் ஊராய்ச் சென்று ஐரோப்பாவை அடைந்தபோது, ஆங்கிலத்தைச் சேருமுன்பே பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் முதலெழுத்தைப் பறிகொடுத்து 'ஆரஞ்சு' ஆயிற்று. இதிலும் ஆர்ட்டிக்கிளுக்குப் பங்குண்டு என்பர்.

இவ்வளவு சிறிய சொல்லால் ஆவதென்ன, பொருள் புரிந்தாற் போதாதா என்று பெற்றோர் கேட்கலாம். 1967 நவம்பர் 22ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை, மத்திய கிழக்குப் போரைக் குறித்து 242ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரிற் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஆங்கில வாசகத்தில் நிலப்பகுதிகள் என்ற சொல்லின் முன் 'த' இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் அதற்கு நேரான சொல் இருக்கிறது. 'த' இல்லாததால் எல்லாப் பகுதிகளும் என்று பொருளில்லை என ஒரு சாராரும், எல்லாமே என்றுதான் பொருள் என மறுசாராரும் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய நீல் ஆர்ம்ஸ்ட்ரோங், ஒரு மனிதனுக்கு இது சிற்றடி, மனித குலத்துக்கோ பெரும் பாய்ச்சல் என்று சொல்ல நினைத்தார். உலகம் கேட்ட ஒலிப்பதிவில் மனிதனின் முன்னுள்ள 'அ' காதில் விழவில்லை. அவ்வெழுத்தின்றி அங்கே 'மேன்' என்றால் மனித குலம் என்றே பொருள்படும். வாக்கியம் தன்னைத்தானே மறுப்பதாகிவிடும். சொன்னேன் என்றே அவர் எண்ணியிருந்தார். இல்லை, விட்டுவிட்டார் என்போரும் உளர்.

நிலவுவரை போக வேண்டியதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'பிளீஸ் பே அரியர்ஸ்' என்று எழுதினால், நிலுவை ஏதும் இருந்தால் தருக என்ற அளவில் அது நின்றுவிடலாம். 'பிளீஸ் பே தி அரியர்ஸ்' என்றால், நிலுவை உண்டு, அது இன்னதென்று உமக்கும் தெரியும் என்ற இரண்டும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பெறுபவர் அதை மறுக்க வேண்டுமானால், முதலில் 'தி' என்பதையே மறுக்க வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணி பற்றிய கடிதங்களிலும் 'அ ஹவுஸ்' என்பதற்கும் 'த ஹவுஸ்' என்பதற்கும் உள்ள தூரம் சிறிதன்று. முன்னது ஏதேனும் ஒரு வீடு. பின்னது ஏற்கெனவே பேசி முடித்த வீடு.

இந்த 'த' க்குள் மறைந்திருக்கும் உறுதிப்பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்றவர் பெர்ட்ரண்ட் ரஸல். பிரான்சில் மன்னரே இல்லாத காலத்தில் 'பிரான்சின் மன்னர் வழுக்கைத் தலையர்' என்றால் அது மெய்யா பொய்யா என்று 1905இல் அவர் எழுப்பிய வினா இன்றும் தத்துவ மாணவரைத் திணற வைக்கிறது. முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1918இல் சிறைப்பட்டபோது அவர் அங்கே எழுதிய கணிதத் தத்துவ நூலில் 'த' என்ற சொல்லுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் ஒதுக்கினார். ஆகவே தலவாக்கலையில் ஒரு சிறுவன் அச்சொல்லுக்காகத் தலையைச் சொறிந்தால் அவனைக் கோபிப்பது நியாயமன்று. ஆங்கிலக் குழந்தைகளும் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டே பேசுகின்றன என்பதை ரோஜர் பிரவுண் 1973இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியிற் காட்டியிருக்கிறார்.

நம் ஊர்ப்பெயர்களை வைத்தே சில பழக்கங்களைக் கற்கலாம். ஹட்டன், கொட்டகலை, நானுஓயா என்னும் ஊர்களுக்கு ஆர்ட்டிக்கிள் இல்லை. ஆறுகளுக்கு உண்டு, 'த மகாவலி', 'த கொத்மலை ஓயா' என்பர். நுவரெலியாவின் ஏரி 'லேக் கிரெகரி'. அங்கே 'த' இல்லை. பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நின்றும் அதற்கும் இல்லை; தனி மலைச்சிகரங்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. ஆனால் 'த ஹிமாலயாஸ்' என்று மலைத்தொடருக்குத் தரும். நுவரெலியாவில் 'த கிராண்ட் ஹோட்டல்' உண்டு, 'த ஹில் கிளப்' உண்டு. இலங்கைக்கு இல்லை; மாலைதீவுக்கு உண்டு. தோட்டத்து மலைக்கு இலக்கமிட்டுச் சொன்னால், 'ஃபீல்ட் நம்பர் ஃபோர்' என்பதே போதும்.

பிள்ளை படிக்கப் போனால் 'டு ஸ்கூல்'. தந்தை அதிபரைக் காணப் போனால் 'டு த ஸ்கூல்'. படிப்பென்னும் செயலுக்குப் போகிறவனுக்குக் கட்டடம் கண்ணில் படுவதில்லை போலும்! கிறித்தவர் வழிபாட்டுக்குச் செல்வதும் வெறும் 'டு சர்ச்' தான். இந்து ஆலயத்துக்கோ 'டு த கோவில்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலம் தன் சொந்த ஊர்ப் பழக்கங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகையைத் தந்திருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எளிதிற் கிட்டியதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அவர்களுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. ஆங்கிலம் வேண்டுமானால் நகரத்துக்குப் போக வேண்டும். 1970களில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறத் தொடங்கின. அந்தப் பழைய நாளிலே மடகொம்பரை தோட்டத்தில் 1914இல் பிறந்து, நுவரெலியாவிலும் கொழும்பிலும் படித்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் துயரத்தை ஆங்கிலத்திலேயே கவிதையாக்கினார். அவருடைய நூலின் பெயர் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. தோட்டத்தின் முன்னே 'த' இல்லை, 'அ' வும் இல்லை. ஆயினும் இலக்கணம் பிசகவில்லை. 'சிலோன்ஸ்' என்ற உடைமைச் சொல் வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. மை, யுவர், ஹிஸ் என்பவையும் அவ்வாறே. கிரேக்கர் தம் மொழியில் 'த' வையும் 'என்' என்பதையும் சேர்த்தே வைத்து வீட்டைச் சொல்வர்; ஆங்கிலத்தில் ஒரு நாற்காலியில் ஒருவர்தான் அமரலாம். இலங்கை என்ற சொல்லைப் பின்னே தள்ளி எழுதியிருந்தால், வேலுப்பிள்ளையும் 'இன் த டீ கார்டன் ஒஃப் சிலோன்' என்று 'த' வை அழைத்தே ஆகவேண்டியிருந்திருக்கும்.